டெனெடோஸ் என்றொரு சிறு கப்பல்

செவ்வாய்க்கிழமைதோறும் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திற்குச் செல்லும் அன்பர்கள் பல்லாயிரவர். கத்தோலிக்கர் மாத்திரமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் அங்கு மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைப்பதைக் கொழும்புவாசிகள் யாவரும் அறிவர். ஆலய வாசலிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரமே.

அத்துறைமுகத்திலே, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலைப்பொழுதில், ஆங்கிலேயரின் சிறிய யுத்தக்கப்பல் ஒன்று குண்டுபட்டு மூழ்கியது. அதன் பெயர் டெனெடோஸ். அந்தப் பெயரை நேயர்களில் எத்தனைபேர் கேள்விப்பட்டிருப்பர்?

ஒரு கப்பலின் பெயர் மக்கள் நாவில் நிலைப்பதும் நிலையாமற் போவதும் விசித்திரமான காரியந்தான். முதலாம் உலகயுத்தத்தின்போது, 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் திகதி இரவு, ஜெர்மனியரின் எம்டன் என்னுங் கப்பல் சென்னைப் பட்டினத்தின்மீது சிறிது நேரம் குண்டு பொழிந்து, எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ மூட்டிவிட்டு இருளில் மறைந்தது. இந்துசமுத்திரத்தில் வர்த்தகக் கப்பல்கள் பலவற்றையும் அது பிடித்தது. அதன்பின் "அவன் பெரிய எம்டன்" என்று கெட்டிக்காரனையும் போக்கிரியையும் ஒருங்கே குறிக்கும் வழக்கு நம் மொழியிலே தோன்றி, நூறாண்டு கடந்தும் வாழ்கின்றது. சிங்கள மொழியிலும் அப்பெயர் அவ்வாறே புகுந்துவிட்டது. நம்மை அச்சுறுத்த வந்த கப்பலின் பெயர் சொல்லாகி நிலைத்தது; நம் துறைமுகத்திலே நின்று மடிந்த கப்பலின் பெயரோ மறைந்துபோயிற்று. அந்தச் சிறு கப்பலின் கதையை இவ்வாரம் சொல்ல முற்படுகிறேன். வரலாறு படிக்கும் மாணவர்கள் இதனைச் சிறிது கவனித்து வாசிப்பார்களாக.

நாசகாரி என்பது யாது?

டெனெடோஸ் ஒரு நாசகாரிக் கப்பல். பெயரைக் கேட்டவுடன் ஏதோ பேரரக்கனை நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோர்ப்பிடோ என்னும் ஆயுதம் தோன்றியது. நீருக்கடியில் தானே ஓடிச்சென்று கப்பலின் அடிவயிற்றைப் பிளக்கும் ஆயுதம் அது. அதனைச் சுமந்துகொண்டு சிறு படகுகள் இரவில் மெல்ல வந்து, மலைபோன்ற கப்பல்களையும் மூழ்கடித்துவிடக்கூடும் என்ற அச்சம் வல்லரசுகளைப் பிடித்துக்கொண்டது. யானையின் துதிக்கையில் எறும்பு புகுந்த கதைதான்.

அந்த டோர்ப்பிடோப் படகுகளைத் துரத்தி அழிப்பதற்காக, அவற்றிலுஞ் சற்றுப் பெரிய, அவற்றிலும் வேகமான ஒருவகைக் கப்பலை ஆங்கிலேயர் கட்டினர். 1893இல் நீரில் இறக்கப்பட்ட ஹவொக் என்பது அவ்வகையில் முதலாவது. 'டோர்ப்பிடோப் படகு நாசகாரி' என்று முதலில் வழங்கிய நீண்ட பெயர், நாளடைவில் 'நாசகாரி' என்று குறுகிவிட்டது.

பெயர் பயங்கரமானது, ஆனால் கடற்படையில் அதன் நிலை, பெரிய குடும்பத்திலே கடைக்குட்டியின் நிலையே. வீட்டில் எந்த ஏவல் வேலையானாலும் கடைசிப் பிள்ளையையே கூப்பிடுவார்கள் அல்லவா? அவ்வாறே, வர்த்தகக் கப்பல்களுக்கு வழித்துணை போவது, நீர்மூழ்கிகளைத் தேடி அலைவது, செய்தி கொண்டுசெல்வது, மூழ்கும் கப்பலிலிருந்து மனிதரைக் கரையேற்றுவது ஆகிய எல்லாம் நாசகாரியின் தலையிலேயே விழும். பெரிய யுத்தக்கப்பல்களுக்கு அங்குலக்கணக்கில் தடித்த உருக்குக் கவசம் உண்டு. நாசகாரிக்கோ கவசம் இல்லை; மெல்லிய தகட்டுடம்பே அதற்கு உண்டு. வேகம் ஒன்றுதான் அதன் கேடயம்.

ஒரு நதியின் இரு கரைகள்

முதலாம் உலகயுத்தம் மும்முரமாய் நடந்த 1917இல், ஆங்கிலேயர் ஒரே மாதிரியான நாசகாரிகளைப் பெருந்தொகையாகக் கட்டத் தொடங்கினர். அறுபதுக்கும் மேற்பட்ட அக்கப்பல்களுக்கு ஆங்கிலத்தின் 'எஸ்', 'ரீ' ஆகிய இரண்டு எழுத்துக்களில் தொடங்கும் பெயர்களே சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றே டெனெடோஸ். கிரேக்க இதிகாசம் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. துரோய் நகரத்தார் ஏமாறும்படி மரக்குதிரையைக் கரையில் விட்டுவிட்டுக் கிரேக்கர் தங்கள் கப்பல்களை ஒளித்துவைத்தது இந்த டெனெடோஸ் தீவின் மறைவிலேதான் என்பர்.

இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓடுவது தைன் நதி. அதன் தென்கரையில் ஹெபர்ன் என்னும் ஊரில் அமைந்த ஹோதோர்ன் லெஸ்லி கம்பெனியாரின் கட்டுந்துறையில், 1917 டிசம்பரில் டெனெடோஸின் அடிமரம் நாட்டப்பட்டது. நீளம் 276 அடி. அகலமோ 27 அடிக்கும் சற்றுக் குறைவு. பாக்குமரத்தைப் படுக்கவைத்ததுபோன்ற உடல். 27,000 பரிவலு கொண்ட சுழலி இயந்திரங்கள் அதனை மணிக்கு 36 கடல்மைல் வேகத்தில் உந்தவல்லன. நான்கு அங்குல வாயுடைய பீரங்கிகள் மூன்று, டோர்ப்பிடோக் குழாய்கள் நான்கு, விமானத்தைச் சுடுவதற்குரிய சிறிய பீரங்கி ஒன்று. மாலுமிகள் ஏறத்தாழத் தொண்ணூறு பேர். இதுவே அதன் முழு ஆஸ்தி.

விமானத்தைச் சுடுவதற்கு ஒரேயொரு சிறு பீரங்கி என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அக்காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. கப்பலிலிருந்து விமானங்கள் கூட்டமாய் எழுந்துவந்து தாக்கும் என்பது அன்றைக்குக் கனவுபோன்ற சங்கதியே. ஆனால் அந்தக் கனவும் அதே தைன் நதியிலேயே உருவாகிக்கொண்டிருந்தது! நதியின் வடகரையில், வோக்கர் என்னும் இடத்தில், ஆர்ம்ஸ்ட்ரோங் கம்பெனியார் 1918 ஜனவரியில் ஒரு புதுமையான கப்பலுக்கு அடிமரம் நாட்டினர். விமானந்தாங்கிக் கப்பலாகவே ஆதிமுதல் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அதுவே. அதன் பெயர் ஹேர்மஸ். தென்கரையில் டெனெடோஸ், வடகரையில் ஹேர்மஸ். ஒரு நதியின் நீரிலே மாத இடைவெளியில் பிறவி எடுத்த இவ்விரண்டு கப்பல்களையும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இவற்றை இலங்கைக் கரையிலே மறுபடியும் சந்திக்கப்போகிறோம்.

டெனெடோஸ் 1918 அக்டோபர் 21ஆம் திகதி நீரில் இறக்கப்பட்டது. சரியாக மூன்று வாரங் கழித்து, நவம்பர் 11ஆம் திகதி, யுத்தம் நின்றது. வேலைகள் யாவும் முடிந்து கடற்படையிற் சேர்ந்தபோது 1919 ஜூன் ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்தபின் பந்தல் போட்டதுபோல், எந்த யுத்தத்துக்காகக் கட்டினார்களோ அந்த யுத்தத்தை அது காணவேயில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் அதன் சகோதரக் கப்பல்களிற் பெரும்பாலானவை பழைய இரும்பாக விலைப்பட்டன. ஒருசிலவே தப்பின. தப்பியவற்றுள் டெனெடோஸும் ஒன்று.

கீழைக் கடலில் ஐந்து கிழவிகள்

1941ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கியபோது, ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் அந்தப் பழைய வகுப்பைச் சேர்ந்த ஐந்து நாசகாரிகள் காவல் புரிந்துகொண்டிருந்தன. திரேசியன், தானெற், ஸ்ட்ரோங்ஹோல்ட், ஸ்கவுட், டெனெடோஸ் என்பன அவை. கப்பலுக்கு இருபத்துமூன்று வயதென்றால் மனிதருக்கு அறுபதைத் தாண்டியதற்குச் சமம். புதிய கப்பல்கள் யாவும் அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் தேவைப்பட்டமையால், கிழக்கிலே இந்தக் கிழவிகளையே நம்பவேண்டியிருந்தது.

அந்நாளில் ஜப்பானியரை மிரட்டுவதற்கென்று பிரித்தானியா அனுப்பிய பெரும் யுத்தக்கப்பல்கள் இரண்டு. ஒன்று, அப்போதுதான் கட்டிமுடித்த பிரின்ஸ் ஒவ் வேல்ஸ், மற்றையது ரிப்பல்ஸ். 1941 நவம்பர் இறுதியில் பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் நம் கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்தது. இலங்கைக் கடலிலிருந்து இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, டிசம்பர் 2ஆம் திகதி சிங்கப்பூரை அடைந்தன. ஆறு நாட்களில் யுத்தம் மூண்டது. மலாயாக் கரையில் இறங்கும் ஜப்பானியப் படைகளை வழிமறிக்க எண்ணி, தளபதி சேர் தொம் பிலிப்ஸ் டிசம்பர் 8ஆம் திகதி மாலை அவ்விரு கப்பல்களையும் கடலிற் செலுத்தினார். காவலுக்குச் சென்ற நாசகாரிகள் நான்கே: இலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், அவுஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த வம்பயர், அவற்றோடு டெனெடோஸ். டெனெடோஸுக்கு அப்போது தலைவராயிருந்தவர் ரிச்சர்ட் டயர் என்னும் லெப்டினன்ட்.

மறுநாள் மாலையே டெனெடோஸின் எண்ணெய் குறைந்துவிட்டது. வடகடலின் குறுகிய தூரத்துக்கென்று கட்டிய கப்பல், பரந்த தென்சீனக் கடலில் எத்தனை தூரம் போகமுடியும்? ஆகவே அது சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. போகும்போது அதற்கு ஓர் ஏவலும் கிடைத்தது. மறுநாட் காலை எட்டு மணிக்கு, தளபதியின் செய்தியொன்றைக் கம்பியில்லாத் தந்தி மூலம் சிங்கப்பூருக்கு அனுப்பவேண்டும். பெரிய கப்பல்கள் செய்தி அனுப்பினால் அவை நிற்குமிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். எனவே, சிறியது தூரத்தில் நின்று பேசட்டும், பெரியவை மௌனமாயிருக்கட்டும் என்பது ஏற்பாடு.

டிசம்பர் 10ஆம் திகதி காலை பத்து மணியளவில், தனியே போய்க்கொண்டிருந்த டெனெடோஸை ஒன்பது ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் கண்டன. குண்டுகள் பொழிந்தன. வளைந்தும் நெளிந்தும் ஓடிய அந்தக் கிழட்டுக் கப்பலின்மீது ஒரு குண்டுகூடப் படவில்லை! எறிந்தவை யாவும் கடலிலேயே வீழ்ந்தன. தான் தாக்கப்படுவதை அது உடனே வானொலிச் செய்தியாக அறிவித்தது. ஆனால் விதி பெரியவற்றை விடவில்லை. அன்று நண்பகலில் ரிப்பல்ஸும், சிறிது நேரத்தில் பிரின்ஸ் ஒவ் வேல்ஸும் மூழ்கின. எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரைக் கடலிலிருந்து தூக்கியெடுத்துக் காப்பாற்றியவை எஞ்சிய மூன்று நாசகாரிகளே. பீரங்கி வலியவற்றால் நாட்டைக் காக்க இயலவில்லை. ஆயினும் சிறியவற்றால் மனிதரைக் காக்க இயன்றது.

ஜாவாவிலிருந்து கொழும்புக்கு

அடுத்த பத்து வாரங்கள் டெனெடோஸுக்கு ஓய்வில்லை. சிங்கப்பூருக்கும் பத்தாவியாவுக்கும் இடையே படைகளையும் பொருட்களையும் ஏற்றிவந்த கப்பல்களுக்கு அது வழித்துணை போயிற்று. அதற்குள் அதன் கூட்டம் கரையத் தொடங்கியது. ஹொங்கொங்கிலே திரேசியன் கரைதட்டி ஜப்பானியர் கையில் அகப்பட்டது. 1942 ஜனவரி 27ஆம் திகதி மலாயாவின் எண்டாவ் கரைக்கப்பால் தானெற் மூழ்கியது. பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூரே வீழ்ந்தது. பெப்ரவரி 27ஆம் திகதி ஜாவாக் கடற்போரில் இலெக்ட்ரா மூழ்கியது. மார்ச் 2ஆம் திகதி, ஜாவாவுக்குத் தெற்கே ஸ்ட்ரோங்ஹோல்டும் மடிந்தது.

டெனெடோஸும் ஸ்கவுட்டும், ஹோபார்ட், டிராகன், டனாயி ஆகிய குரூசர் கப்பல்களுடன் சேர்ந்து ஜாவாவுக்கு வடக்கே எதிரியைத் தேடிச் சென்றன, எதிரியைக் காணவில்லை. எதிரியின் பலத்துக்கு அவை ஈடுமல்ல. பெப்ரவரி 28ஆம் திகதி சுண்டா நீரிணை வழியாகத் தப்பி வெளியேறி, சுமாத்திராவின் பாடாங் துறையில் அகதிகளை ஏற்றிக்கொண்டு, மார்ச் முதல் வாரத்தில் அந்தக் கூட்டம் கொழும்பை வந்தடைந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தாலும் சுண்டா நீரிணை அடைபட்டிருக்கும்.

களைத்துப்போய் வந்த டெனெடோஸைக் கொழும்பிலே பழுதுபார்க்க விட்டார்கள். மூன்று மாதம் இடைவிடாது ஓடிய பழைய இயந்திரத்திற்குப் பராமரிப்பு வேண்டாமா? ஓடித்திரிந்த கப்பல் ஒருபடியாக ஓரிடத்தில் நின்றது. அந்த ஓய்வே அதற்கு எமனாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் 4ஆம் திகதி சனிக்கிழமை மாலை, கொக்கலை வாவியிலிருந்து சென்ற கற்றலைனா விமானம் ஒன்று, இலங்கைக்குத் தெற்கே பலநூறு மைலுக்கப்பால் ஜப்பானியரின் பெருங் கப்பற்படையைக் கண்டது. அவ்விமானத்தைச் செலுத்தியவர் கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல். எதிரி விமானங்கள் சுட்டு வீழ்த்துவதற்குமுன் அவருடைய விமானத்திலிருந்து எச்சரிக்கை வந்துசேர்ந்துவிட்டது. அவருடன் சென்றவர்களிற் சிலர் மாண்டனர். அவரும் எஞ்சியவர்களும் யுத்தம் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதிகளாயிருந்தனர். இலங்கையின் இரட்சகர் என்று பின்னர் போற்றப்பட்ட பேர்ச்சல், 2004ஆம் ஆண்டுவரை உயிர்வாழ்ந்தார்.

எச்சரிக்கை கிடைத்ததும் கொழும்புத் துறைமுகத்தைக் காலிசெய்யும்படி உத்தரவு பிறந்தது. ஓடக்கூடிய கப்பல்கள் அன்றிரவே ஓடின. பழுதுபார்ப்புக்கு வந்திருந்த டோர்செற்ஷயர் என்னும் குரூசர், வேலையை இடையில் நிறுத்திவிட்டு, கோர்ண்வோல் என்னும் மற்றொரு குரூசருடன் கடலுக்குப் புறப்பட்டது. டெனெடோஸால் அசைய முடியவில்லை. ஹெக்டர் என்னும் ஆயுதந் தரித்த வர்த்தகக் கப்பலும், நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பலாகிய லூசியாவும், வேறு பல கப்பல்களும் அவ்வாறே தங்கிவிட்டன.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. விடியற்காலை முதல் ஆலயங்களில் மணி ஒலித்தது. கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் புத்தாடை உடுத்த பிள்ளைகளுடன் குடும்பங்கள் பூசைக்குச் சென்றன. காலை ஏழரை மணிக்குமேல், தெற்கு வானத்திலிருந்து 120க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் தோன்றின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மிட்சுவோ பூச்சிடா. நான்கு மாதங்களுக்குமுன் அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய கூட்டத்துக்கும் அவரே தலைவர். கொழும்பிலும் அவ்வாறே ஒரு கப்பற்படை முழுவதையும் துறைமுகத்தில் அகப்படுத்தலாம் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் பெரிய கப்பல்கள் எவையும் அங்கில்லை. மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவிலே அவை தங்கியிருந்தன. அகப்பட்டவை ஓடமுடியாதவை மாத்திரமே.

இரத்மலானை விமானத் தளத்திலிருந்து ஆங்கிலேயரின் ஹரிக்கேன் விமானங்கள் அவசர அவசரமாய் எழுந்தன. கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலையே விமானத் தளமாக்கியிருந்ததை ஜப்பானியர் அறியார். அங்கிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. டோர்ப்பிடோக்களைச் சுமந்துகொண்டு திருகோணமலையிலிருந்து கொழும்பு நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு பழைய ஸ்வோட்பிஷ் விமானங்கள், நடுவழியில் அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலைமீதும் குண்டுகள் வீழ்ந்தன. அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் வீழ்ந்தன. நகரமக்கள் பலர் மாண்டனர்.

துறைமுகத்தில் டெனெடோஸ் நின்ற இடத்திலேயே குண்டுகளுக்கு இலக்காயிற்று. நான்கு மாதங்களுக்குமுன் ஒன்பது விமானங்களுக்குத் தப்பிய அதே கப்பல்தான். அன்று அதற்கு வேகம் இருந்தது. இன்று அந்தக் கேடயம் இல்லை. 1918இல் யாருக்கும் குறையாகத் தோன்றாத அந்தச் சிறு பீரங்கியால் வானத்தை மறைத்துவந்த கூட்டத்தை என்ன செய்ய முடியும்? கப்பல் மூழ்கியது; மாலுமிகள் பலர் அதனுடன் மடிந்தனர். ஹெக்டர் தீப்பற்றி எரிந்து, அதுவும் துறைமுகத்திலேயே அமிழ்ந்தது. லூசியா சேதமடைந்தும் தப்பியது.

ஓடித் தப்பிய டோர்செற்ஷயருக்கும் கோர்ண்வோலுக்கும் நேர்ந்தது யாது? அன்று பிற்பகலே அவை நடுக்கடலில் அகப்பட்டு, சில நிமிடங்களுக்குள் இரண்டும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். நீரிலே ஒரு நாளுக்கு மேலாகத் தத்தளித்த 1,122 பேர் மறுநாள் மாலை காப்பாற்றப்பட்டனர். நின்ற கப்பலும் மடிந்தது, சென்ற கப்பலும் மடிந்தது. யுத்தத்திலே அறிவுடைய முடிவு எது, அறிவற்ற முடிவு எது என்பதைப் பின்னால் இருந்துகொண்டு சொல்வது எளிது.

மட்டக்களப்புக் கரையில்

நான்கு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அங்கிருந்து முன்னதாகவே வெளியேறித் தெற்கே சென்றுகொண்டிருந்த ஒரு விமானந்தாங்கிக் கப்பலை, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே அவை கண்டுபிடித்தன. அக்கப்பலில் அப்போது சண்டை விமானம் ஒன்றுமில்லை. சில நிமிட நேரத்திலே நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுகள் தாக்க, அது மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அந்தக் கப்பலே ஹேர்மஸ்!

தைன் நதியின் எதிரெதிர்க் கரைகளில் சிலவார இடைவெளியில் அடிமரம் நாட்டப்பட்ட இரண்டு கப்பல்கள், இருபத்துநான்கு ஆண்டுகள் உலகக் கடல்களில் எங்கெங்கோ அலைந்துவிட்டு, இலங்கையின் மேற்குக் கரையில் ஒன்றும் கிழக்குக் கரையில் ஒன்றுமாக, நான்கு நாள் இடைவெளியில் முடிவெய்தின. விமானந்தாங்கி என்னும் புதுமையைத் தொடக்கிவைத்த கப்பலே பிற விமானந்தாங்கிகளின் விமானங்களால் அழிந்தது.

ஹேர்மஸுக்குக் காவலாகச் சென்று அதனுடன் மூழ்கிய நாசகாரியின் பெயரும் நேயர்களுக்குப் புதிதன்று. அது வம்பயர். நான்கு மாதங்களுக்குமுன் டெனெடோஸுடன் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட அதே வம்பயர்தான். அன்று புறப்பட்ட நான்கு நாசகாரிகளுள் எக்ஸ்பிரஸ் ஒன்றே எஞ்சியது. கீழைக் கடலின் ஐந்து கிழவிகளுள் ஸ்கவுட் ஒன்றே எஞ்சி, யுத்தம் முடிந்தபின் 1946இல் உடைக்கப்பட்டது. ஹேர்மஸிலும் வம்பயரிலுமிருந்து கடலிற் குதித்த ஏறத்தாழ அறுநூறு பேரை வீற்றா என்னும் வைத்தியசாலைக் கப்பல் காப்பாற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. ஹேர்மஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியிலே கிடக்கிறது. நீர்மூழ்கு வீரர்கள் அதனைக் கண்டுவருகின்றனர்.

ஊர் விட்டு ஓடிய நாட்கள்

குண்டு வீழ்ந்த மறுகணமே கொழும்பு காலியாகத் தொடங்கியது. கோட்டைப் புகையிரத நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சென்றன. இந்திய வர்த்தகர் பலர் கடையைப் பூட்டிக்கொண்டு தாயகம் திரும்பினர். துறைமுகத்திலே பொதி சுமக்க ஆளில்லாது வேலை முடங்கியது. அந்த ஓட்டத்தில் கைவிட்டுப்போன வீடும் பொருளும், இடையில் நின்ற படிப்பும், தள்ளிப்போன கல்யாணமும் எத்தனை எத்தனையோ! கடற்படைகளின் கணக்கேட்டில் அவை ஏறுவதில்லை.

டெனெடோஸின் மாலுமிகளுக்காவது நினைவுக்கல் உண்டு. கடலையே கல்லறையாகக் கொண்ட பிரித்தானியக் கடற்படையினரின் பெயர்கள், அவர்கள் நாட்டிலே சதம், போர்ட்ஸ்மத், பிளிமத் என்னும் மூன்று துறைமுக நகர்களிலும் எழுப்பிய ஞாபகச் சின்னங்களிற் பொறிக்கப்பட்டுள்ளன. கொழும்பு லிவெரமெந்து மயானத்திலும் அந்த யுத்தத்தில் மாண்ட வீரர்களின் கல்லறைகள் வரிசையாய் உள்ளன. ஆனால் அன்று துறைமுகத்திலும் வீதியிலும் வீழ்ந்த நம் ஊர்ச் சாதாரண மனிதரின் பெயர்களை எந்தக் கல்லில் தேடுவது?

பகை தீர்ந்த விதம் ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று, இரண்டே மாதங்களில், மிட்வே கடற்போரில் அழிந்தன. மற்ற இரண்டும் 1944இல் அழிந்தன. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின்மீது குண்டுபொழிய வந்த பூச்சிடாவோ யுத்தத்தின்பின் கிறிஸ்தவராகி, ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷம் போதிப்பவராக வாழ்ந்து, 1976இல் மறைந்தார். 1951இல் சான்பிரான்சிஸ்கோ நகரிற் கூடிய சமாதான மகாநாட்டிலே, இலங்கையின் பிரதிநிதியாகச் சென்ற ஜே. ஆர். ஜயவர்தன, விமானத் தாக்குதலால் இலங்கை அடைந்த சேதத்தை எடுத்துக் கூறி, அதற்காக நாம் ஜப்பானிடம் நட்டஈடு கேட்கப்போவதில்லை என்றார். பகைமை பகைமையால் தணிவதில்லை என்னும் புத்தர்பிரானின் போதனையே அவர் காட்டிய காரணம்.

அந்தப் போதனையின் தேவை 1942உடன் முடிந்துவிடவில்லை. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மற்றுமோர் உயிர்த்த ஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தினுள்ளேயே குண்டு வெடித்தது. முன்னையது ஆகாயத்திலிருந்து அந்நியர் எறிந்தது. பின்னையது நம்மவருள் ஒருவன் தோளிற் சுமந்துவந்தது. இரண்டிலும் மடிந்தோர், யாருடைய சண்டையென்று அறியாமலே பூசைக்கும் வேலைக்கும் சென்ற எளிய மக்கள். ஆலயம் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரிகள் எரிகின்றன.

டெனெடோஸின் கதையிலே வெற்றியென்று சொல்ல ஒன்றுமில்லை. அது எதிரிக் கப்பல் எதனையும் மூழ்கடித்துப் புகழ் பெறவில்லை. காவல் போனது, எண்ணெய் இல்லையென்று திரும்பியது, பிறர் பேச்சைத் தான் சுமந்து அறிவித்தது, மூன்று மாதம் ஓயாமல் ஓடியது, களைத்து நின்ற இடத்தில் மடிந்தது. ஆயினும் பெரிய கப்பல்களின் பெயரால் எழுதப்படும் சரித்திரத்தை உண்மையிற் சுமந்தவை இத்தகைய சிறு கப்பல்களே. வீட்டிலும் நாட்டிலும் அப்படியே அல்லவா?

மாணவத் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. 1942இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். உங்கள் வீட்டிலோ அயலிலோ அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பாராயின், இவ்வாரமே அவரருகில் அமர்ந்து, "அந்த உயிர்த்த ஞாயிறன்று நீங்கள் எங்கிருந்தீர்கள்? யார் யாரை இழந்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கல்லில் இல்லாத பெயர்களுக்குக் காகிதமாவது கிடைக்கட்டும்.